உத்தாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’: கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஜப்பானியப் பாப் பாட்டு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வந்ததில் பாதிக்கு மேல் ஜப்பானியப் பாடகர் உத்தாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ என்ற இந்த ஒரே ஆல்பம்தான். சரி, அதையே முதலில் முடித்துவிடுவோம்.

கேள்வி: அண்ணா, நெட்ஃபிளிக்ஸ் சீரிஸ் பார்த்துத்தான் ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டுக்கு வந்தேன். சீரிஸுக்காகப் போட்ட பாட்டா?

தலைகீழ். இந்தப் பாட்டு இருக்கும் அதே பெயருள்ள ஆல்பம் 1999 மார்ச் 10-இல் வந்தது, சீரிஸ் 2022-இல். பாட்டை வைத்துத்தான் கதையே பண்ணினார்கள். அதற்கு முன்பே, 1999 ஏப்ரலில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓர் ஆசிரியைக்கும் மாணவனுக்கும் இடையிலான காதலைச் சொன்ன ‘மாஜோ நோ ஜோக்கென்’ என்ற தொடருக்கு இதுதான் தீம் பாட்டு. இந்தப் பாட்டுக்கு அது இரண்டாவது பிறவி என்றால், நீங்கள் பார்த்தது மூன்றாவது.

கேள்வி: 16 வயதுப் பிள்ளை தானே எழுதியதா? பின்னால் பெரியவர்கள் யாராவது இருந்திருப்பார்கள் என்கிறான் நண்பன்.

பெரியவர்கள் இருந்தார்கள், ஆனால் நண்பர் நினைக்கிற இடத்தில் இல்லை. வரிகளும் மெட்டும் உத்தாதாவுடையவை. வாத்திய ஏற்பாட்டுக்கு வேறு ஆட்கள்: ‘ஆட்டோமேட்டிக்’ பாட்டுக்கு நிஷிஹிரா அகிரா, ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டுக்குக் கவானோ கே. தயாரிப்பில் மியாக்கே அகிராவும் அப்பா உத்தாதா தெருசானேவும். அம்மா ஃபுஜி கெய்க்கோ 1970 வாக்கில் ஜப்பானையே உருக வைத்த எங்கா பாடகி. எங்கா என்றால் சோகம் கனிந்த, குரலைக் குழைத்துப் பாடுகிற பழைய பாணி. உத்தாதா பிறந்தது நியூயார்க்கில், 1983 ஜனவரியில். முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடு, ‘ஆட்டோமேட்டிக்’ 1998 டிசம்பரில் வந்தபோது வயது 15. அதற்கும் முன்னால் ‘கியூபிக் யூ’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஓர் ஆல்பம் பாடியாயிற்று, அதை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறேன் சார். ‘ஆட்டோமேட்டிக்’ முதல் வரியில் எனக்குத் தெரிந்த சொற்கள்தான் இருக்கின்றன, ஆனால் காதில் பிடிபடவே மாட்டேன் என்கிறது. என் காதில் கோளாறா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். கோளாறு உங்கள் காதில் இல்லை, அப்படித்தான் பாடியிருக்கிறார். வரியின் பொருள், ஏழாவது பெல்லுக்கு ரிசீவரை எடுத்த நீ, அவ்வளவுதான். ‘நானாகாய்மே நோ பெரு தே’ என்று போக வேண்டும். அவர் ‘நா’ என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டு நிறுத்துகிறார், அப்புறம் ‘நாகாய்மே நோ பெ’, மறுபடி நிறுத்தம், பிறகு ‘ருதே’ என்று அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பெல் என்ற சொல்லே இரண்டாக உடைந்து கிடக்கிறது. தமிழில் ‘ஏழாவது மணியில்’ என்பதை ‘ஏ... ழாவதும... ணியில்’ என்று பாடிப் பாருங்கள், தெரியும்.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதில்லை. சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்போம். ஆனால் நம் புலவர்கள் அதைத் தளை தட்டாமல் இருக்கச் செய்தார்கள், இவர் டிரம் அடிக்கு ஏற்ப, அடிக்குக் கொஞ்சம் பிந்திச் சாய்ந்து பாடுவதற்காகச் செய்கிறார். ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே நீளம், ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம் என்று வைத்தால் வரி படிக்கட்டில் இறங்குகிற மாதிரி டக் டக் என்று வரும். ஆர் அண்ட் பி என்கிற, கறுப்பின அமெரிக்கர்களிடமிருந்து வந்த பாணிப் பாட்டுக்கு அது ஆகாது. அந்தப் படிக்கட்டைச் சறுக்குமரமாக்க ஆங்கிலச் சொற்களைத் தூவியவர்கள் முன்பும் உண்டு. இவர் ஜப்பானியச் சொல்லையே உடைத்துச் சறுக்க விட்டார். என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் சாதனை இதுதான், விற்பனைக் கணக்கெல்லாம் அப்புறம்.

கேள்வி: அந்த விற்பனைக் கணக்கைத்தான் சொல்லுங்களேன்.

ஜப்பானில் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் ஓரிக்கான் நிறுவனத்தின் கணக்கில் சுமார் 76.5 லட்சம். முதல் வாரத்தில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். அன்றைய ஜப்பான் மக்கள்தொகைக்குப் பதினாறு, பதினேழு பேருக்கு ஒரு பிரதி. ஜப்பானில் இன்றுவரை எந்த ஆல்பமும் இதைத் தாண்டவில்லை, இனித் தாண்டவும் முடியாது, ஏனென்றால் சிடி விற்பனை அங்கே உச்சத்தில் இருந்த காலம் அது. இன்னொன்று, ‘ஃபர்ஸ்ட் லவ்’ தனி சிங்கிளாக ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. தொடரில் பாட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடியவர்களுக்கு முதலில் கிடைத்தது ஆல்பம்தான்.

கேள்வி: இதே ஆல்பத்தின் ‘நெவர் லெட் கோ’வில் ஆங்கிலேயப் பாடகர் ஸ்டிங்கின் பாட்டுக் கிட்டார் கேட்கிறதே, சுட்டதா?

நல்ல காது! ‘ஷேப் ஆஃப் மை ஹார்ட்’ கிட்டார்தான், சாம்பிள் எடுத்திருக்கிறார்கள், அதாவது பழைய பதிவின் துண்டைப் புதுப் பாட்டில் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது பாட்டு ‘அமாய் வானா’வின் துணைத்தலைப்பே ‘பெயின்ட் இட், பிளாக்’, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டின் பெயர். தலைப்பிலேயே எழுதி ஒட்டிவைத்துவிட்டு யாராவது சுடுவார்களா?

கேள்வி: அந்த வயதில் ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டில் கடைசி முத்தத்தில் சிகரெட் வாசனை என்றெல்லாம் எழுதியிருக்கிறாரே?

எல்லாரும் அந்தத் தொடக்க வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் சினிமாத்தனம். அதற்கு அப்புறம், நாளைக்கு இந்நேரம் நீ எங்கே இருப்பாய், யாரை நினைத்துக்கொண்டிருப்பாய் என்று கேட்கிறார் பாருங்கள், அதில்தான் பதினைந்து பதினாறு வயது இருக்கிறது. அந்த வயதில்தானே ‘நாளைக்கு இந்நேரம்’ என்பதே அவ்வளவு தூரமாகத் தெரியும்.

கேள்வி: அவளா, அவரா?

2021-இல், தாம் நான்-பைனரி, அதாவது ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றாக மட்டும் அடங்காதவர் என்று உத்தாதாவே சொன்னார். தமிழில் ‘அவர்’ இருக்கும்போது நமக்கென்ன கஷ்டம்?

கேள்வி: அடுத்து எதைக் கேட்பது? சிடி கிடைக்குமா?

அடுத்த ஆல்பம் ‘டிஸ்டன்ஸ்’ (2001) பளபளப்பு அதிகம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம். நேராக ‘ஃபான்டோம்’ (2016) போங்கள். 2013-இல் அம்மா இறந்தபின் வந்தது, இரவில் தனியாகக் கேளுங்கள். அப்புறம் 2018-இல் ‘ஹட்சுகோய்’ என்று ஒன்று. அந்தச் சொல்லுக்கும் முதல் காதல் என்றுதான் பொருள், முப்பத்தைந்து வயதில் அதே தலைப்பைத் தன் மொழியில் வைத்திருக்கிறார்.

சிடி விஷயம்: இவ்வளவு விற்றதால் ஜப்பானில் பழைய சிடி விற்கும் கடைகளில் இது சீப்பட்டுக் கிடக்கும், சில நூறு யென் போதும். யாராவது ஊருக்கு வரும்போது சொல்லிவிடுங்கள். அப்படி எனக்கு வந்த பிரதியில் பெட்டி மூடி உடைந்திருந்தது, சிடியில் ஒரு கீறல் கூட இல்லை. கடைசியில் இருக்கும் ‘ஆட்டோமேட்டிக்’ ரீமிக்ஸை மட்டும் தாண்டிவிடுங்கள், நான் இரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை.