அந்தமானுக்கு இருப்பதே ஒரு எம்.பி. தொகுதி, அங்கே ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

கேட்ட தோரணையைப் பார்த்தால் நீங்கள் இங்கே மாற்றலாகி வந்தவர் போலிருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் மெயின்லேண்டுக்குத் திரும்பிவிடுவீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லைதான். நான் போர்ட் பிளேரிலேயே பிறந்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து மஸ்தூர் (கூலி) வேலைக்குக் கப்பலேறி வந்தவர்.

எங்களுக்குச் சட்டசபை கிடையாது, முதல்வர் கிடையாது. துணைநிலை ஆளுநரும் அதிகாரிகளும் வைத்ததுதான் சட்டம். பஞ்சாயத்து, நகராட்சி இருக்கின்றன, தெருவிளக்குக்கு ஆகும். 2024 செப்டம்பரில் ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனதையே நான் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இருக்கிற ஒரே எம்.பி.யையும் 1967 தேர்தல் வரைக்கும் குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். 2019-இல் குல்தீப் ராய் சர்மா ஜெயித்தது வெறும் 1,407 ஓட்டில். 2009, 2014 இரண்டிலும் தோற்றவர் அவர். இதில் யார் ஓட்டு வீண் என்று சொல்வீர்கள்? (நான் எந்தக் கட்சியும் இல்லை, அரசு ஊழியன். 2024-இல் அவரே தோற்றதும் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டு யாரும் வர வேண்டாம்.)

அந்த 2019-இல் எனக்கு நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் வேலை. தேர்தல் டியூட்டியில் மை வைக்கும் மேசை கிடைத்தது. 1970-களில் ரப்பர் தோட்டத்துக்காக இலங்கை மலையகத் தமிழர்களைக் கொண்டுவந்து குடிவைத்த தீவு அது. 1948 சட்டத்தில் இலங்கையில் பிரஜாவுரிமை போய், இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர்கள். வரிசையில் வந்த ஒரு பாட்டி, நான் கேட்பதற்கு முன்னாலேயே இடது ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்து நீட்டினார். நகத்து நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும் கோடு இழுக்க வேண்டும். நான் அவசரத்தில் நகத்தோடு நிறுத்திவிட்டேன். "இன்னும் கீழ இழுங்க சார். தோட்டத்துல எங்கப்பா சாகுற வரைக்கும் ஓட்டில்லாம கெடந்தாரு" என்றார். கட்சி ஏஜெண்டுகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவரிடம் போய்க் கேளுங்கள் இந்தக் கேள்வியை.

'உங்களுக்கு மூன்று லட்சம் வாக்காளருக்கே ஒரு எம்.பி., எங்கள் ஊரில் பதினைந்து லட்சத்துக்கு ஒருவர்' என்று ஒரு கணக்கு உடனே வரும். சரி. உங்கள் எம்.பி.க்குக் கீழே ஆறு எம்.எல்.ஏ. இருக்கிறார்களே, அவர்களை யார் கணக்கில் சேர்ப்பது? தண்ணீர் வரவில்லை என்றால் நீங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கலாம். ஐகோர்ட்டுக்கே நாங்கள் கல்கத்தாவைச் சேர்ந்தவர்கள், இங்கே இருப்பது அதன் சர்க்யூட் பெஞ்ச், அதாவது நீதிபதிகள் முறைவைத்து வந்துபோகும் கிளை.

உங்கள் ஆட்களுக்கு நாங்கள் இந்தியாவில் இருப்பதே பாதி நேரம் ஞாபகம் இருப்பதில்லை. சென்னையில் ஒரு கல்யாணத்தில் 'விசா எடுக்கணுமா?' என்று கேட்டவர் பொறியாளர். ஆன்லைனில் 744101 என்று பின்கோடு போட்டால் பாதிப் பொருளுக்கு 'உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை'. போன மாசம் மிக்ஸி ஜாருக்கு ஒரு ரப்பர் வளையம், விலை நாற்பது ரூபாய்கூட இருக்காது. அதைச் சென்னையில் மச்சான் வாங்கி, கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். வந்தது வேறு சைஸ்.