கனவில் இளவரசி, வீட்டில் கல்யாணப் பேச்சு

வாசகி கடிதம்

அன்புள்ள மேடம்,

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். எனக்கு வயது 26. பி.காம். முடித்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். அப்பா, அம்மா, நான், காலேஜ் படிக்கும் தம்பி. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லாத குடும்பம்.

கொரோனா ஊரடங்கில் சீன வரலாற்றுத் தொடர்கள் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது பார்ப்பது குறைந்துவிட்டது. ஆனால் தலைக்குள் எனக்கென்று ஒரு தொடர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் நான் தாங் வம்சப் பேரரசரின் ஏழாவது மகள். சாங்கான் நகரத்து அரண்மனையில் இருக்கிறேன். என் அறை, ஜன்னலுக்கு வெளியே பியோனிச் செடிகள், என் குதிரை, இரண்டு பணிப்பெண்கள், எல்லையில் தளபதியாக இருக்கும் அண்ணன் எல்லாம் எனக்கு மனப்பாடம். இரவு சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் இயர்போனோடு நடக்க ஆரம்பித்தால் மணி பன்னிரண்டு ஆவதே தெரிவதில்லை. பஸ்ஸிலும் அப்படித்தான். ஆபீஸிலும் வந்துவிட்டது. போன மாதம் ஜிஎஸ்டி கணக்கில் ஒரு பெரிய தொகையை இரண்டு முறை ஏற்றிவிட்டு, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன்.

அதெல்லாம் பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த அண்ணன் போரில் காயம்பட்டதாக நினைத்த அன்று நிஜமாகவே அழுதேன். தம்பி பார்த்துவிட்டு என்னாச்சு என்று கேட்டான். தலைவலி என்றேன்.

அதிகம் ஓட்டிப் பார்ப்பது ஒரு காட்சியைத்தான். வடக்கே புல்வெளியை ஆளும் ககானிடமிருந்து தூதர் பெண் கேட்டு வருகிறார். சபை நிறைய ஆட்கள். அப்பா, அதாவது பேரரசர், என்னைப் பார்க்கிறார். நான் எழுந்து, "எனக்குச் சம்மதமில்லை" என்கிறேன். சபையே வாயடைத்துப் போகிறது. பேரரசர் சிரித்துவிட்டு, "என் மகள் சொன்னால் சரி" என்கிறார். இதை எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இது மனநோயா? உண்மையில் அந்த இளவரசிகள் எப்படித்தான் வாழ்ந்தார்கள்? அது தெரிந்தாலாவது இந்தப் பைத்தியம் விடுமா?

இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தை மாதம் எனக்கும் அத்தை மகனுக்கும் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். அப்பா தொழிலில் நஷ்டப்பட்டு நின்றபோது அத்தைதான் எட்டுப் பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். என் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்துதான் போனது. மாமாவும் (அத்தை மகனைத்தான் சொல்கிறேன்) நல்லவர்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா "சந்தோஷம்தானே?" என்று கேட்டபோது தலையாட்டினேன். அதற்கப்புறம் மாடியில் நடக்கும் நேரம்தான் கூடிப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகர் பதில்

அன்புள்ள தோழிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். கற்பனை எது, நிஜம் எது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த எல்லை அழியாதவரை, நீங்கள் பயப்படும் அர்த்தத்தில் இது பைத்தியம் இல்லை. பகல் கனவு எல்லோருக்கும் உண்டு. அது மணிக்கணக்கில் நீண்டு, நிறுத்த நினைத்தாலும் முடியாமல், தூக்கத்தையும் வேலையையும் தின்ன ஆரம்பித்தால் அது வேறு விஷயம். இஸ்ரேலைச் சேர்ந்த உளவியலாளர் எலி சோமர் 2002-இல் இதற்கென்று ஒரு தனிப் பெயர் வைத்து எழுதினார். மனநலக் கோளாறுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இது இன்னும் தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனால் உங்களைப் போலவே பாட்டைப் போட்டுக்கொண்டு, நடந்துகொண்டே கதைக்குள் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இல்லாத அண்ணனுக்காக அழுவதும் அவர்களுக்குப் புதிதல்ல.

அடுத்து, இளவரசிகள். உண்மை தெரிந்தால் கனவு கலைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கனவுகள் வரலாற்றுப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், எனக்கும் பிடித்த விஷயம், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் தாங் வம்சத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வுதான். சீன வரலாற்றில் இளவரசிகளுக்குக் கொஞ்சம் கை கால் நீட்ட இடம் இருந்த காலம் அது. குதிரை ஏறினார்கள், போலோ ஆடினார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக் குடும்பங்கள் கட்டும் வரி அவர்களுக்கு வருமானமாக வந்தது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்தவர்கள் பலர். ஆன்லே இளவரசி நூறு பறவைகளின் இறகில் பாவாடை நெய்து உடுத்தினார் என்கிறார்கள். அதே ஆன்லே 710-இல் அரண்மனைக் கலகத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அது தொடர்களுக்குத் தோதான கதை, விட்டுவிடுவோம்.

உங்கள் காட்சிக்கு வருகிறேன். தூதர் வந்து பெண் கேட்பது நிஜமாகவே நடந்ததுதான். எல்லையில் சமாதானம் வேண்டும், குதிரைப் படை உதவி வேண்டும் என்றால் பெண்ணை அனுப்புவார்கள். பெரும்பாலும் பேரரசரின் சொந்த மகளை அனுப்புவதில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இளவரசிப் பட்டம் கட்டி அனுப்பிவிடுவார்கள். 641-இல் திபெத்துக்குப் போன வென்செங் அப்படிப் போனவர்தான். அவர்களுக்கும் முன்னால், ஹான் வம்சத்தில், ஷிஜுன் என்ற இளவரசியை வூசுன் நாட்டு முதிய அரசருக்குக் கொடுத்தார்கள். அந்த நாட்டு வழக்கப்படி அவரை அரசரின் பேரனுக்கு மணம் முடிக்கப் பேச்சு வந்தது. முடியாது என்று ஷிஜுன் தாய்நாட்டுக்கு எழுதினார். "அந்த நாட்டு வழக்கப்படி நட, எதிரிகளை ஒழிக்க அவர்கள் துணை நமக்கு வேண்டும்" என்று ஹான் பேரரசர் வூவிடமிருந்து பதில் வந்தது. நாரையாகப் பறந்து ஊர் திரும்ப மாட்டோமா என்று ஏங்கும் ஒரு பாட்டு அவர் பெயரில் இன்றும் இருக்கிறது.

"சம்மதமில்லை" என்று சொல்லி ஓரளவு ஜெயித்தவரும் உண்டு. நிங்குவோ இளவரசி பேரரசர் சூசொங்கின் சொந்த மகள். 758-இல், வடக்கே புல்வெளியை ஆண்ட உய்குர் இனத்து ககானுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே ககான் இறந்துபோனார். உடன் சாக வேண்டும் என்றார்கள் அங்கிருந்தவர்கள். எங்கள் வழக்கத்தில் மூன்று ஆண்டு துக்கம்தான் உண்டு, உடன் சாவது கிடையாது என்று அவர் வாதாடினார். உயிர் தப்பியது. ஆனால் அவர்கள் வழக்கப்படி முகத்தைக் கத்தியால் கீறிக்கொண்டு ஒப்பாரி வைக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் ஊர் திரும்பினார். உங்கள் கனவில் பேரரசர் சிரிக்கிறார், கதை முடிகிறது. நிங்குவோ ஒரு மறுப்பைத் தழும்போடு சுமந்து வந்தார்.

தைபிங் இளவரசியின் கதை வேறு மாதிரி. திபெத் அரசர் பெண் கேட்டபோது பெற்றோருக்கு மகளை அனுப்ப மனமில்லை. தாவோ மதத் துறவி ஆகிவிட்டாள் என்று ஒரு கோயிலைக் கட்டி அதில் அவரை அமர்த்தினார்கள், பேச்சு அதோடு நின்றது. கொஞ்ச காலம் கழித்து தைபிங் ராணுவ அதிகாரி போல அங்கியும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு அப்பா அம்மா முன்னால் ஆடினாராம். நீ இதைப் போட்டு என்ன செய்யப்போகிறாய் என்று அவர்கள் சிரிக்க, "அப்படியானால் இதை என் கணவனுக்குக் கொடுங்கள்" என்றாராம். எனக்குக் கல்யாணம் வேண்டும் என்று சொல்ல அவருக்கு ஒரு வேஷம் தேவைப்பட்டிருக்கிறது. மனதில் இருப்பதை நேராகச் சொல்வது அந்த வீட்டிலும் சுலபமாக இருக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய கதை என்று நான் நினைப்பது இதற்கடுத்த சொங் வம்சத்துக் கதைதான். பேரரசர் ரென்சொங்கை வளர்த்தவர் லியூ என்ற பேரரசி. 1033-இல் அவர் இறந்த பிறகுதான், தன்னைப் பெற்றவர் லீ என்ற இன்னொரு பெண், அவரும் முந்தைய ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது பேரரசருக்குத் தெரிய வந்தது. ஒரு நாள்கூட அம்மா என்று கூப்பிடவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. இறந்தவர்களுக்கு எரிக்கும் காகிதக் காசு வெட்டிப் பிழைத்த தன் தாய்மாமனைப் பெரிய பதவியில் உட்கார வைத்தார். அதோடும் ஆறவில்லை. தன் செல்ல மகளான மூத்த இளவரசியை அந்த மாமனின் மகன் லீ வெய்க்கு 1057-இல் கட்டி வைத்தார். தாய்க்குப் பட்ட கடனை மகளை வைத்து அடைத்தார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

ஒத்துப்போகவில்லை. மாமியாரோடு சண்டை கைகலப்பு வரை போனது. 1060-இல் ஒரு ராத்திரி இளவரசி புகுந்த வீட்டை விட்டு வந்து அரண்மனைக் கதவைத் தட்டினார். அப்பா கதவைத் திறக்கச் சொன்னார். மறுநாள் அதிகாரிகள் அந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் ஏன் அழுதுகொண்டு வந்தாள் என்பதை விட, இரவு நேரத்தில் அரண்மனைக் கதவைத் திறந்தது விதிமீறல் என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. பிரித்து வைத்தார்கள், மறுபடி சேர்த்து வைத்தார்கள். 1070-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் இறந்துபோனார். அப்புறம் கணவரைத் தண்டித்தார்கள். லீ வெய்யைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். அவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று நீங்கள் எழுதிய பத்தியைத்தான் நான் அதிக நேரம் படித்தேன். அரண்மனை, பட்டு, பியோனி இதற்கெல்லாம் நீங்கள் அடிமை இல்லை. நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது, பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் ஒரு மகள் வாயைத் திறந்து பதில் சொல்லும் காட்சியை. மாடியில் நடக்கும் நேரம் நிச்சயப் பேச்சுக்குப் பிறகு கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தலையாட்டியதை அங்கே போய்த் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனவில் மறுக்கிறீர்கள் என்பதால் மனதிலும் மறுக்கிறீர்கள் என்று ஆகாது. முடிவு யாருடையது என்பதுதான் உங்களை உறுத்துகிறதோ என்னவோ. உங்கள் மாமாவை உங்களுக்குப் பிடிக்கவும் செய்யலாம். "குறை சொல்ல ஒன்றும் இல்லை" என்பதைத் தாண்டி அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் கணக்குப் பார்க்கிறவர். ஒருவர் பெயரில் இருக்கும் கடனை இன்னொருவர் பெயரில் எழுத மாட்டீர்கள். எட்டுப் பவுன் உங்கள் அப்பா பட்ட கடன். அதில் உங்கள் படிப்புச் செலவும் உண்டு, மறுக்கவில்லை. நகைக் கடனை நகையாக அடைக்கலாம். இன்றைய விலைக்கு அது பெரிய தொகைதான், வருஷக் கணக்கில் ஆகும், ஆனாலும் அடையக்கூடிய கடன். அத்தையின் மேல் இருக்கும் பாசமும் நன்றியும் அதற்குப் பிறகும் அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் அப்பா ஒரே கணக்கில் போட்டிருக்கிறாரா, அல்லது அவர் போட்டிருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதும் கேட்டால்தான் தெரியும். பல வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது.

யாரிடம் தொடங்குவது? மாமாவிடம் என்பேன். தனியாக ஒரு தடவை பேசுங்கள். "உங்களுக்கு நிஜமாவே இதுல விருப்பமா, இல்ல வீட்டுல சொன்னாங்கன்னா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதைக் கேட்டபோது உங்களுக்கு நிம்மதியாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று கவனியுங்கள். பிறகு அம்மாவிடம். சபையில் பேசுவது போன்ற வசனமெல்லாம் வேண்டாம். "அன்னைக்குத் தலையாட்டிட்டேன்மா, ஆனா யோசிக்க டைம் வேணும், நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றால் போதும். சத்தம் போடுவார்கள், அழலாம், அப்பா இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். ஒரு வாக்கியத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தால் மறுபடி மாடிக்குத்தான் போவீர்கள். கல்யாணம் என்றே முடிவானால், நெருங்கிய உறவு என்பதால் இருவரும் சேர்ந்து மரபணு ஆலோசனை ஒன்றும் கேட்டுவிடுங்கள்.

பகல் கனவை ஒரேயடியாக நிறுத்த முயலாதீர்கள், இன்னும் வேகமாகத் திரும்பி வரும். உங்களை உள்ளே இழுப்பது பாட்டும் நடையும் சேர்ந்த அந்தக் கூட்டணி. அதைப் பிரியுங்கள். இயர்போன் இல்லாமல் நடங்கள், முடிந்தால் தம்பியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாட்டை உட்கார்ந்து கேளுங்கள். இளவரசிக்கு மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் வந்தால் "சாயங்காலம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுங்கள். ஒரு நோட்டில், கனவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அத்தை போன் பண்ணினார், மேனேஜர் கூப்பிட்டார், இப்படி. கதையையே எழுதிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். சிலருக்கு அது உதவுகிறது, சிலரை இன்னும் ஆழமாக இழுத்துவிடுகிறது. ஒரு வாரம் எழுதிவிட்டு, மாடியில் நடக்கும் நேரம் குறைந்ததா கூடியதா என்று பாருங்கள்.

ஒரு கடிதத்தில் முடிகிற விஷயம் இல்லை இது. வேலையைப் பாதிக்கும் அளவுக்கு வந்துவிட்டதால், உளவியல் ஆலோசகர் ஒருவரை நேரில் பார்ப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக யோசனையாக இருந்தால் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். மனம் மிகவும் சோர்ந்து, வாழ்வதே வீண் என்பது போன்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அன்றைக்கே அழையுங்கள்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாமாவிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.