மருத்துவ சீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், ஒரு கேஸ் பில்லைப் பாருங்கள்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகம் போவதற்கான பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் மகள், வேதியியலும் கணிதமும் நன்றாக வருகின்றன, உயிரியல் மட்டும் தள்ளாடுகிறது. கிள்ளான் பெரியப்பா "தனியார் கல்லூரியில் மருத்துவ சீட் வாங்கித் தருகிறேன், முன்பணம் மட்டும் கட்டு" என்கிறார். அப்பாவின் இ.பி.எஃப். பணத்தை எடுக்கலாமா, வீட்டின் மேல் மறுபடி கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பும் கேள்வி இல்லை இது. இரண்டையும் செய்யாதீர்கள்.

தனியார் மருத்துவப் படிப்பு இங்கே மலேசியாவில் லட்சக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்). பி.டி.பி.டி.என். என்னும் அரசுக் கல்விக் கடன் அதில் ஒரு பங்கைத்தான் தாங்கும், மிச்சம் உங்கள் முதுகில். படித்து முடித்தாலும், 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் சேரும் புதிய டாக்டர்களுக்கு ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலையில் அவர்கள் ஹர்த்தால் நடத்தியது பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். இதையெல்லாம்விடப் பெரிய காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: மாதா மாதம் தெனாகா மின்சார பில் வந்ததும் மீட்டரைப் போய்ப் பார்த்து, யூனிட்டைக் கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பது இவள்தான். ஆஸ்பத்திரி வாசனையே பிடிக்காது என்று சொல்வதும் இவள்தான்.

பொறியியலா, கணக்கியலா, ஆசிரியர் பயிற்சியா என்ற வழக்கமான பட்டியலுக்குள் நான் போகவில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. சொல்ல ஆளில்லாத ஒரு வேலை இருக்கிறது: தொழிற்சாலை எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று கணக்கெடுப்பது, அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 2005 முதல் காசு புரளும் கணக்கு. மொத்த எரிதிறன் 20 மெகாவாட்டுக்கு மேல் உள்ள எரிகலங்கள், சிமெண்ட் சூளைகள், இரும்பாலைகள் ஆகியவை ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஓர் அலவன்ஸை ஒப்படைக்க வேண்டும். சம்பளத்தோடு வரும் அலவன்ஸ் இல்லை. ஒரு டன் வெளியிட உரிமை தரும் அனுமதி. ஒரு பங்கு இலவசமாக வரும், மிச்சத்தை ஏலத்திலோ சந்தையிலோ வாங்க வேண்டும். எவ்வளவு இலவசம் என்பதை முடிவு செய்வது அளவுகோல். ஒவ்வொரு பொருளுக்கும் மிகச் சிக்கனமான பத்து சதவீத ஆலைகளின் சராசரியை வைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். 2021 முதல் 2025 வரை சாம்பல் சிமெண்ட் கிளிங்கருக்கு (அரைத்துச் சிமெண்ட் ஆக்கும் முன் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி) டன்னுக்கு 0.693 அலவன்ஸ். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கிளிங்கர் சுடும் ஆலைக்கு 6,93,000 இலவசம். அது விடுவது 8,00,000 டன் என்றால் குறைவது 1,07,000. சந்தை விலை 70 ஈரோ என்று வைத்தால் ஏறக்குறைய 75 லட்சம் ஈரோ. உற்பத்தியின் ஈராண்டுச் சராசரி பழைய அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் இலவசப் பங்கும் மாறும். அதனால் உற்பத்திக் கணக்கில் விழும் பிழையும் பணப் பிழைதான்.

சுற்று இப்படி ஓடும். ஒரு ஆண்டின் உமிழ்வு அறிக்கை, சரிபார்ப்பவர் கையெழுத்தோடு, அடுத்த மார்ச் 31க்குள் போக வேண்டும். புதிய இலவசப் பங்கு ஜூன் 30க்குள் அலவன்ஸ் பதிவேட்டில் ஆலையின் கணக்கில் வரவாகும். போன ஆண்டுக்கானதைச் செப்டம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும். தேதிகளைக் கவனியுங்கள்: இந்த ஆண்டுக்கு வந்த இலவசத்தை எடுத்துப் போன ஆண்டுக் கடனை அடைக்க முடியும். பல ஆலைகள் அதைத்தான் செய்கின்றன. சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழிப்பது மாதிரிதான், பள்ளம் கடைசியில் தெரியும். ஒப்படைக்கத் தவறினால் டன்னுக்கு 100 ஈரோவும் அதன் மேல் பணவீக்க உயர்வும் அபராதம். அபராதம் கட்டினாலும் அலவன்ஸ் கடன் தீராது.

பினாங்கில் இருந்துகொண்டு இது எதற்கு என்று கேட்பீர்கள். 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பா தன் எல்லைக்குள் வரும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்ற பொருள்களின் கரிமக் கணக்குக்கும் விலை வைக்கிறது. பிறை தொழிற்பேட்டையிலிருந்து இரும்பு ஐரோப்பாவுக்குப் போனால், அங்கே இறக்குமதி செய்பவர் இங்குள்ள ஆலையிடம்தான் எண்ணைக் கேட்பார். உண்மையான எண் இல்லையென்றால், கூடுதல் சுமையேற்றிய பொது மதிப்பு தலையில் விழும். உள்ளூரிலும் சட்டம் வந்தாயிற்று: எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது மின்சாரமாகச் சொன்னால் 60 லட்சம் யூனிட், அதற்கு மேல் செலவழிக்கும் இடம் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை வைத்தே ஆக வேண்டும். இரும்பு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி வரும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இங்கே கட்டிய கரிம விலையை ஐரோப்பியக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவைக் கேட்கக் கையில் ரசீதும் சரியான கணக்கும் வேண்டும்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு பில்லை வைத்தே காட்டுகிறேன். ஆலைக்கு வரும் இயற்கை எரிவாயு பில்லில் மாதம் 10,000 எம்.எம்.பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று இருக்கிறது. ஒன்று 1.055 கிகாஜூல், ஆக 10,550. எரிவாயுவுக்குப் பொதுவாக எடுக்கும் உமிழ்வுக் காரணி கிகாஜூலுக்கு 56.1 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் 592 டன், முடிந்தது என்று நினைப்பார்கள். தப்பு. பில்லில் உள்ளது மொத்த வெப்பம். அந்தக் காரணியோ நிகர வெப்பத்துக்கானது. எரியும்போது உண்டாகும் நீராவி சுமந்து போகும் வெப்பத்தைக் கழித்தால் சுமார் பத்தில் ஒன்பது பங்குதான், 9,495. அப்போது 533 டன். ஒரே மாதத்தில் 59 டன் வித்தியாசம், ஆண்டுக்கு 700 டன்னுக்கு மேல். யாரும் திருடவில்லை, ஒரு வரியைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அழுத்தமும் வெப்பநிலையும் திருத்தாத மீட்டர், அளவுத்திருத்தச் சான்று காலாவதியான கருவி, நிலக்கரிக் குவியலைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய இருப்பு, ஐரோப்பிய எல்லைக் கணக்கில் இரும்புக்கு நேரடி உமிழ்வு (ஆலையிலேயே வெளியாவது) மட்டும் கேட்க, மின்சாரத்தின் உமிழ்வையும் சேர்த்து அனுப்பிய படிவம்: பிழைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். உங்கள் மகளின் கண்ணுக்கு ஏற்ற இரை.

வழி என்ன? வேதியியல் பொறியியல் நல்ல அடித்தளம். யு.எஸ்.எம். அரசுப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில், உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை அந்த மருத்துவ முன்பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யு.பி.யு. (அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பம்) பட்டியலில் அதை மேலே வையுங்கள், சுற்றுச்சூழல் அறிவியலை அதற்குக் கீழே. பட்டத்துக்குப் பிறகு நேராக ஆலோசனை நிறுவனத்துக்கு ஓட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு ஆலையின் கொதிகலன், அமுக்கி, மின்பகிர்வு இருக்கும் பிரிவில் பாதுகாப்புக் காலணியோடு நடக்கட்டும். மீட்டர் எங்கே பொருத்தியிருக்கிறது என்று தெரியாதவரின் சரிபார்ப்புக்கு மதிப்பில்லை. அப்புறம் எரிசக்தி மேலாளர் தகுதி. அதற்குப் பின் கரிமக் கணக்குக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14064 வரிசை: முதல் பாகம் நிறுவனத்தின் கணக்கு, மூன்றாம் பாகம் சரிபார்ப்பு. ஓர் ஆலைக்குக் கணக்குப் போட்டுத் தந்தவர் அதே ஆலையின் கணக்கைச் சரிபார்க்கக் கூடாது. எந்தப் பக்கம் நிற்பது என்று அவள் ஒருநாள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

கரிமச் சந்தை என்றதும் சிலர் இரண்டு நாள் ஹோட்டல் வகுப்பு நடத்தி, சில ஆயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுப்பார்கள். அதற்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். காட்டைக் காத்ததற்குக் கிடைக்கும் கிரெடிட் வேறு, ஆலைக்கு வரும் அலவன்ஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவரிடம் பாடம் படிக்க வேண்டாம். 2022 டிசம்பரில் தொடங்கிய புர்சா (மலேசியப் பங்குச் சந்தை) கரிமச் சந்தையில் கைமாறுவது கிரெடிட், ஆலை அலவன்ஸ் இல்லை.

ஆரம்பச் சம்பளம் பெரியப்பாவை அசத்தாது. புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும், மார்ச் மாதத்தில் தூக்கம் இருக்காது.

பெரியப்பாவிடம் முன்பணத் தேதியைத் தள்ளச் சொல்லுங்கள். இந்த வாரம் அடுப்படியில் இருக்கும் 14 கிலோ கேஸ் சிலிண்டரைக் காட்டி மகளிடம் ஒரு கணக்குக் கொடுங்கள்: ஒரு கிலோவில் நிகர வெப்பம் 47.3 மெகாஜூல், ஒரு மெகாஜூலுக்கு 63.1 கிராம் வாயு, முழு சிலிண்டர் எரிந்தால் எத்தனை கிலோ? கிட்டத்தட்ட 42 வரும். உள்ளே இருந்தது 14 கிலோ, வெளியே போனது எப்படி 42 என்று அவளே கேட்டுத் தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினால், யு.பி.யு. படிவத்தை அன்றைக்கே திறங்கள். பதிலை எழுதிவிட்டுப் போனைக் கையில் எடுத்தால், இதையும் அவள்மேல் திணிக்காதீர்கள். அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.