மென்பொருளை நீக்கிய பிறகும் மிஞ்சும் கோப்புகள், உடைந்த லிங்குகள்: எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழித்துவிடலாமா?

அழிக்க முடியும். லினக்ஸில், உடைந்த லிங்குகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் கடைசியில் "டெலீட்" என்று சேர்த்தால் உடைந்த லிங்குகள் அத்தனையும் நொடியில் போய்விடும். ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. இப்படிச் சுத்தம் செய்யும்போது டிஸ்க்கில் மிச்சமாகும் இடத்தைவிட, வேறெங்கோ ஒளிந்திருந்த கோளாறு கண்ணில் படுவதுதான் எனக்குப் பெரிய பயனாக இருந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் லிங்க். சிம்லிங்க் என்பது மிகச் சிறிய ஒரு கோப்பு. அதற்குள் இருப்பது ஒரு பாதையின் பெயர் மட்டும்தான். அந்தப் பாதையில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று லிங்கை உருவாக்கும்போதும் யாரும் பார்ப்பதில்லை, பிறகும் பார்ப்பதில்லை. அங்கே இருந்த கோப்பை நீங்கள் அழித்தாலோ பெயர் மாற்றினாலோ லிங்குக்குத் தகவல் போகாது. ஆக, லிங்க் "உடைந்தது" என்கிறோமே, லிங்கில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. மாறியது வேறு ஏதோ ஒன்று. அது எது என்று தெரியாமல் லிங்கை மட்டும் அழித்தால், மாற்றம் நடந்ததற்கான ஒரே தடயத்தையும் சேர்த்து அழித்ததாக ஆகும்.

தேடும் முறை எளிது. ஃபைண்ட் கட்டளையில் "எக்ஸ்டைப்" என்ற தெரிவுக்கு "எல்" என்று மதிப்புக் கொடுத்தால் உடைந்த சிம்லிங்குகள் மட்டும் வரும். இது லினக்ஸில் உள்ள க்னூ ஃபைண்டுக்கு உரியது. அந்தத் தெரிவு இல்லாத கணினிகளில் பெரிய "எல்" தெரிவையும் "டைப் எல்" என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் அதே வேலை நடக்கும். "எக்ஸ்டெவ்" சேர்த்தால் தேடல் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் நிற்கும். ப்ராக், சிஸ் போன்ற அடைவுகளுக்குள் போகாது. அவை டிஸ்க்கில் இருப்பவையே அல்ல, இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்தந்த நேரத்தில் உருவாக்கிக் காட்டுபவை. முக்கியமான விஷயம், லிங்கின் பெயரை மட்டும் அச்சிடாமல் அது காட்டும் பாதையையும் சேர்த்து அச்சிடுங்கள். "பிரின்ட்எஃப்" தெரிவில் அதற்கு வசதி இருக்கிறது. வந்த பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, காட்டும் பாதையின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். நூறு லிங்க் உடைந்திருந்தாலும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒரே ஃபோல்டரைக் காட்டும் லிங்குகள் கொத்தாக வந்தால், அந்த ஃபோல்டருக்கு என்ன ஆனது என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடினால் போதும்.

பதில் சில சமயம் "ஒன்றும் ஆகவில்லை" என்பதாகவே இருக்கும். வெளி டிஸ்க் மவுன்ட் ஆகாமல் (அதாவது கணினியின் அடைவுகளோடு இணைக்கப்படாமல்) இருக்கலாம், நெட்வொர்க் டிரைவ் அந்த நேரத்தில் இணையாமல் இருக்கலாம். மவுன்ட் செய்ததும் எல்லா லிங்கும் தானாகச் சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய கணினியின் டிஸ்க்கையோ காப்பு நகலையோ உங்கள் கணினியில் மவுன்ட் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஒரு லிங்க் சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் காட்டுகிறது. அதற்குரிய கோப்பு அந்த டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கிறது. ஆனால் கர்னல் அந்தப் பாதையை இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் கணினியின் ரூட் அடைவிலிருந்துதான் (எல்லாப் பாதைகளும் தொடங்கும் உச்சி அடைவு) தேடும். இங்கே அப்படி ஒரு கோப்பு இல்லையென்றால் நல்ல லிங்க் "உடைந்தது" என்று பட்டியலில் வந்து நிற்கும். டெலீட் சேர்த்து ஓட்டினால், எதைப் பாதுகாப்பதற்காகக் காப்பு நகல் எடுத்தீர்களோ அதுவே குலைந்துபோகும். கண்டெய்னர் இமேஜ்களை (ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதிகள்) வெளியிலிருந்து பார்க்கும்போதும் இதே கதைதான். இன்னொரு கணினியின் ஃபைல் சிஸ்டத்தை ஆராய வேண்டுமென்றால் சிஎச்ரூட் கட்டளையால் அதையே ரூட் அடைவாக ஆக்கி உள்ளே போய்ப் பாருங்கள், அல்லது அந்தக் கணினியையே இயக்கிப் பாருங்கள்.

வேண்டுமென்றே உடைந்த நிலையில் உருவாக்கப்படும் லிங்குகளும் இருக்கின்றன. லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் ஓடும்போது அதன் புரொஃபைல் ஃபோல்டரில் "லாக்" என்று ஒரு சிம்லிங்க் இருக்கும். அது காட்டுவது எந்தக் கோப்பையும் அல்ல, ஒரு ஐபி முகவரியையும், ஓடும் நிரலுக்குக் கணினி தரும் பிராசஸ் எண்ணையும்தான். ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியும் இப்படித்தான். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் கோப்புக்குப் பக்கத்தில், புள்ளியிலும் ஹேஷ் குறியிலும் தொடங்கும் பெயரில் ஒரு லிங்கை வைக்கும். யார், எந்தக் கணினியிலிருந்து, எந்த பிராசஸில் திருத்துகிறார் என்பது அந்த லிங்கின் உரையிலேயே இருக்கும். லிங்க் எதையும் காட்டத் தேவையில்லை, அது சுமக்கும் எழுத்துதான் தகவல். அந்த மென்பொருள் மூடியிருந்தும் இவை கிடந்தால் மட்டும் எடுத்துவிடலாம்.

அடுத்தது, அழிப்பதற்குப் பதிலாகப் பழுது பார்க்க வேண்டியவை. ஒரு வேலைக்கென்று தனியாக அமைக்கும் பைத்தான் சூழலான விர்ச்சுவல் என்விரான்மென்ட் நல்ல உதாரணம். அதற்குள் இருக்கும் பைத்தான் பெரும்பாலும் கணினியின் பைத்தானுக்குப் போகும் ஒரு சிம்லிங்க். இயங்குதளத்தைப் புதுப்பித்துப் பழைய பதிப்பு போனதும் அது உடையும். லிங்கை அழித்து ஒரு பயனும் இல்லை, அந்த என்விரான்மென்டையே புதிதாக உருவாக்க வேண்டும். இன்னொன்று, இணையதளப் பெயர்களை எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும், ஈடிசி அடைவில் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப். சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவையைப் பயன்படுத்தும் கணினிகளில் இது பெரும்பாலும் ரன் அடைவுக்குள் உள்ள ஒரு கோப்பைக் காட்டும் லிங்க். அந்தச் சேவை ஓடவில்லையென்றால் லிங்க் உடைந்து தெரியும், இணையதளப் பெயர்களும் திறக்காமல் போகும். இங்கே பார்க்க வேண்டியது சேவையைத்தான். டெபியன், உபுண்டுவில் "எடிட்டர்" போன்ற கட்டளைகள் ஆல்டர்நேட்டிவ்ஸ் அடைவு வழியாக இரண்டு தாவலில் உண்மையான நிரலுக்குப் போகும். நடுவில் ஒன்று உடைந்தால் கையால் ஒட்டாதீர்கள். "அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ்" கட்டளையிடம் விட்டுவிடுங்கள். இப்படிப் பல தாவல் உள்ள பாதையில் எந்தப் படி அறுந்திருக்கிறது என்று பார்க்க "நேம்ஐ" என்ற சிறிய கட்டளை இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அருமையான கருவி.

லிங்கை நீக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபோல்டரைக் காட்டும் லிங்குக்குப் பின்னால் சாய்கோடு போடாதீர்கள். டேப் விசையை அழுத்தினால் டெர்மினல் தானாகவே அதைச் சேர்த்துவிடலாம். சாய்கோடு வந்துவிட்டால் நீங்கள் குறிப்பிடுவது லிங்கையா, அது காட்டும் ஃபோல்டரையா என்பது கட்டளைக்குக் கட்டளை மாறும். "அன்லிங்க்" கட்டளையைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை, லிங்க் மட்டும்தான் போகும்.

சரி, மிஞ்சிய கோப்புகளுக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி "இது பழசா?" என்பதல்ல, "இது யாருடையது?" என்பது. வருடக்கணக்கில் தொடப்படாத கோப்பு தினமும் தேவைப்படுவதாக இருக்கலாம். நேற்று உருவானது குப்பையாக இருக்கலாம். டெபியன் வகைகளில் டிபிகேஜி கட்டளைக்குப் பெரிய "எஸ்" தெரிவு கொடுத்தால், ஒரு கோப்பு எந்தப் பேக்கேஜுக்கு (மென்பொருளை நிறுவும் பொதி) சொந்தம் என்று சொல்லும். ஃபெடோரா வகையில் ஆர்பிஎம், ஆர்ச்சில் பேக்மேன் அதைச் செய்யும். யூஎஸ்ஆர் அடைவில் சொந்தக்காரர் இல்லாத கோப்பு இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அதற்குள் இருக்கும் "லோக்கல்" அடைவும், தனியாக இருக்கும் "ஆப்ட்" அடைவும் கையால் நிறுவுவதற்காகவே ஒதுக்கப்பட்டவை. அங்கே சொந்தக்காரர் இல்லாதது இயல்பு.

டெபியனில் "ரிமூவ்" செய்தால் நிரல் போகும், அமைப்புக் கோப்புகள் இருக்கும். "பர்ஜ்" செய்தால் அவையும் போகும். டிபிகேஜி பட்டியலில் "ஆர்சி" என்ற குறியோடு வருபவை எல்லாம் இப்படி நிரல் போய் அமைப்பு மட்டும் மிஞ்சியவை. இவற்றைப் பர்ஜ் செய்வது பொதுவாகப் பாதுகாப்பானது. டேட்டாபேஸ் பேக்கேஜ்களில் மட்டும் நிதானியுங்கள். பர்ஜ் செய்யும்போது தரவையும் நீக்கட்டுமா என்று சில பேக்கேஜ்கள் கேட்கும், பழக்க தோஷத்தில் ஆமாம் என்று அழுத்திவிடக் கூடாது.

உங்கள் ஹோம் அடைவைப் பேக்கேஜ் மேனேஜர் தொடாது. அங்கே மிஞ்சுவதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் "கேஷ்" ஃபோல்டரில் இருப்பவை அழித்தாலும் மறுபடி உருவாகக்கூடியவை என்பதுதான் விதி. உரிய நிரலை மூடிவிட்டு அழிக்கலாம். "கான்ஃபிக்", "லோக்கல் ஷேர்" இரண்டும் அப்படி இல்லை. இரண்டாவதில் உங்கள் சொந்தத் தரவே இருக்கும்.

குப்பை போலவே தோற்றமளிக்கும் சிலவற்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் "வால்" (wal) என்று முடியும் கோப்பு கிடந்தால் அதைத் தொடாதீர்கள். உறுதி செய்யப்பட்ட தரவு முதன்மைக் கோப்பில் இன்னும் சேராமல் அதில் இருக்கலாம். நிரல் ஓடாத நேரத்திலும் இது கிடந்தால், பெரும்பாலும் நிரல் திடீரென்று நின்றுபோயிருக்கும். அதாவது, மிச்சம் என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் அது மிகவும் தேவை. விண்டோஸ் கணினியில், "விண்டோஸ்" அடைவுக்குள் மறைந்திருக்கும் "இன்ஸ்டாலர்" ஃபோல்டரும் இதே ரகம். பழைய நிறுவல் கோப்புகள் என்று நினைத்து அழித்தால், பின்னால் அந்த மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ நீக்கவோ முடியாமல் போகும்.

விண்டோஸ் பற்றிப் பேசும்போது "வின்எஸ்எக்ஸ்எஸ்" பற்றியும் சொல்கிறேன். அதன் அளவைப் பார்த்து எல்லோரும் திடுக்கிடுவார்கள். அதில் உள்ள பல கோப்புகள் ஹார்டு லிங்குகள். அதாவது ஒரே தரவுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர். எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகக் கூட்டுவதால் அளவு பெரிதாகத் தெரிகிறது. அங்கே கையால் எதையும் அழிக்கக் கூடாது. டிஸ்க் கிளீனப்போ டிஸ்ம் கட்டளையோ பார்த்துக்கொள்ளும். உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் "அப்ளிகேஷன் டேட்டா" என்று ஒன்றைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். அதுவும் உடைந்த லிங்க் அல்ல. பழைய நிரல்களுக்காக விஸ்டா காலத்திலிருந்து வைத்திருக்கும் ஜங்ஷன் (இன்னொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் லிங்க்) அது, இருக்கட்டும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, கிடைக்கும் இடமும் மிக அற்பம். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு வரும் "விண்டோஸ் ஓல்டு" ஃபோல்டர் பொதுவாக 10 நாளில் தானே நீங்கிவிடும்.

மேக்கில் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்த பிறகு "லைப்ரரி" ஃபோல்டரில் அதன் மிச்சம் இருக்கும். அதில் "லாஞ்ச் ஏஜென்ட்ஸ்" மட்டும் உடனே பாருங்கள். இல்லாத நிரலை இயக்கச் சொல்லும் கோப்புகள் அங்கே தங்கியிருக்கலாம்.

இடம் பற்றாக்குறைதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்றால், குப்பை தேடுவதற்கு முன் இன்னொன்றைச் சோதியுங்கள். டிஎஃப் கட்டளை டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது, டியூ கட்டளை கூட்டிச் சொல்லும் அளவோ அதைவிட மிகக் குறைவு. இப்படி இருந்தால், அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். யூனிக்ஸ் வகைகளில் கடைசிப் பெயரும் போய், கடைசி நிரலும் மூடினால்தான் இடம் விடுபடும். பெரிய பதிவுக் கோப்பை (லாக்) அழித்தும் இடம் வராமல் தவிப்பதற்கு இது மிக வழக்கமான காரணம். எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குக் கூட்டல் குறி, பெரிய "எல்", 1 சேர்த்துக் கொடுத்தால் அப்படிப்பட்ட கோப்புகள் தெரியும். உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். கணினியின் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சிஸ்டம்டி ஜர்னலையும் பாருங்கள். அது இயல்பாக ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். "வேக்யூம் சைஸ்" தெரிவால் குறைக்கலாம்.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கவே முடியாதவை எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அவற்றை நான் உடனே அழிப்பதில்லை. முழுப் பாதையோடு ஒரே பொதியான டார் கோப்பாகக் கட்டி இன்னொரு டிஸ்க்கில் வைத்துவிட்டு, மூலத்தை எடுத்துவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பேன். டார், சிம்லிங்குகளை அப்படியே வைத்திருக்கும், அனுமதிகளையும் காப்பாற்றும். தேவைப்பட்டால் இருந்த இடத்திலேயே திரும்ப விரிக்கலாம். மாதக் கடைசியில் ஓடும் வேலைகள் சில உண்டு என்பதால் ஒரு மாதமாவது காத்திருப்பேன். அதே டிஸ்க்கில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவது இடத்தை மிச்சப்படுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனிமேல் இந்தத் தொல்லை குறைய வேண்டுமென்றால், மூலநிரலிலிருந்து கையால் நிறுவுபவற்றுக்கு க்னூ ஸ்டோ பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். ஸ்டோ அங்கிருந்து "லோக்கல்" அடைவுக்குச் சிம்லிங்குகளை மட்டும் போடும். வேண்டாமென்றால் பெரிய "டி" தெரிவு கொடுத்து ஸ்டோவை ஓட்டினால், தான் போட்ட லிங்குகளை அதுவே எடுத்துவிடும், பிறகு அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் மிச்சம் எதுவும் இல்லை. வரிசை மாறி ஃபோல்டரை முதலில் அழித்துவிட்டால் லிங்குகள் உடைந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்க "செக்ஸ்டோ" என்ற துணைக் கருவியும் அதனுடனேயே வருகிறது.