பெற்றோர் விவாகரத்து செய்தால் குழந்தையின் மனம் எப்படிப் பாதிக்கும்? குடும்பத்தில் மற்றவர்களுக்கு என்ன ஆகும்?

தாய்மாமனாக இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நாங்கள் காட்பாடி. தங்கை விவாகரத்து வாங்கியபோது அவள் மகன் மூன்றாம் வகுப்பு.

என்னைக் கேட்டால், தீர்ப்பை விட அதற்கு முந்தைய காலம்தான் பிள்ளையை அதிகம் உலுக்கும். இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மதம் என்றாலே ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. இந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் சம்மதிக்காவிட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். எங்களுக்கு இழுத்தது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் அப்பாவைப் பார்க்கப் போகிற நாளென்றால் காலையிலேயே பையனுக்கு வயிற்றுவலி. டாக்டர் பார்த்தார், உடம்பில் ஒன்றுமில்லை. ஒருநாள் ராத்திரி என்னிடம், "மாமா, நான் சேட்டை பண்ணதாலதான் அப்பா போயிட்டாரா?" என்றான். அந்த வயதுப் பிள்ளைகள் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வது சகஜமாம். "உன்னால இல்லடா" என்று ஒருமுறை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பிள்ளையைத் தூது விடுவது. "பீஸ் கட்டினாரான்னு உங்கப்பாவ கேளு" என்பது பெரியவர்களுக்குச் சாதாரணப் பேச்சு. அவனுக்கு அது பரீட்சை. பண விஷயத்தை இருவரும் நேராக வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தான்.

தங்கையின் நிலை வேறு. ஹோம்ஸ், ரேஹே என்ற இருவர் 1967இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலில் துணையின் மரணத்துக்கு 100, அடுத்த இடத்தில் விவாகரத்துக்கு 73. சாவு வீட்டுக்காவது ஊரே வந்து உட்கார்ந்து அழும். இவளிடம் வந்தவர்கள் விசாரிக்கத்தான் வந்தார்கள்!

யாரும் கணக்கில் எடுக்காதது அப்பா வழி ஆயாவை. குடியாத்தத்தில் இருக்கிறார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பேரன் வருவானா என்று வழக்கு நடக்கும்போதே ஆள் விட்டுக் கேட்டார். வக்கீல் வேண்டாம் என்றார், தங்கை அனுப்பிவைத்தாள். நல்ல முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கும் பார்க்கிறார்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், இலவசம். வழக்குச் செலவுக்குப் பயப்படும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரும். அப்புறம், வகுப்பு டீச்சரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.