லண்டன் போகும் தம்பிக்கு: கிங்ஸ் கிராஸில் இறங்குமுன்

தம்பி, பெரம்பூரிலிருந்து செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போவதாகவும், ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் பக்கத்து ஹாஸ்டலுக்கு சுரங்க ரயிலிலேயே போய்விடலாமா, குக்கர் எடுத்துப்போகலாமா, பகுதிநேர வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குக்கர் அங்கேயே வாங்கலாம். வேலைக்குப் போனால், வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், அவ்வளவுதான். நான் பேச நினைப்பது அந்த ஸ்டேஷனைப் பற்றி. 2002-ல் நானும் இரண்டு பெட்டியோடு அங்கேதான் போய் நின்றேன்.

ரயிலில் தாராளமாகப் போகலாம். பிக்காடிலி லைன் நேராகப் போகும், எங்கும் மாற வேண்டாம், சுமார் ஒரு மணி நேரம். உள்ளே போகும்போது தேய்த்த அதே கார்டை வெளியே வரும்போதும் தேயுங்கள், மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். காலை கூட்ட நேரத்தில் பெட்டியோடு ஏறவே ஏறாதீர்கள்.

லீவுக்கு மாம்பலம் வந்திருக்கிறேன். போன வாரம் அம்மாவை அசோக் நகரில் ஏற்றி சென்ட்ரல் மெட்ரோவைக் காட்டினேன். 2018-ல் திறந்த ஸ்டேஷன், இரண்டு லைன், விசாலம், ஏசி குளிர். அதே நினைப்போடு கிங்ஸ் கிராஸில் இறங்காதீர்கள். அது 1863 ஜனவரியில், உலகத்தின் முதல் சுரங்க ரயில் ஓடிய அன்றே திறந்தது. சாலையைத் தோண்டித் தண்டவாளம் போட்டு மேலே மூடினார்கள், உள்ளே ஓடியது நீராவி எஞ்சின். அப்புறம் 1906-ல் பிக்காடிலி, 1907-ல் இன்றைய நார்தர்ன், 1968-ல் விக்டோரியா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக ஓர் அறை சேர்த்துக் கட்டிய பழைய வீடு மாதிரி. இன்று ஆறு லைன். அம்புக்குறியை நம்பி நடந்தால் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். இப்போது லிஃப்ட் இருக்கிறது, கொஞ்சம் சுற்று என்றாலும் அதைத் தேடிப் போங்கள்.

முக்கியமானது இது. 1987 நவம்பர் 18, மாலை ஏழரை மணி. யாரோ சிகரெட் பற்றவைத்துப் போட்ட தீக்குச்சி அதே ஸ்டேஷனில் பிக்காடிலி லைனின் மர எஸ்கலேட்டர் இடுக்கில் விழுந்தது. அடியில் பல வருஷமாகச் சேர்ந்த கிரீஸும் குப்பையும். முதலில் சின்ன நெருப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கால் மணி நேரத்தில் தீ சரிவோடு மேலேறி டிக்கெட் ஹாலுக்குள் பாய்ந்தது. 31 பேர் இறந்துபோனார்கள், அதில் ஒருவர் தீயணைப்பு அதிகாரி. அதற்குப் பிறகுதான் சுரங்க ஸ்டேஷன்களில் மர எஸ்கலேட்டர்களை எடுத்தார்கள், ஊழியர்களுக்கும் முறையான பயிற்சி வந்தது. அங்கே வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், நடையைக் கட்டுங்கள்.

இருபது வருஷம் இருந்தவர்களே "கண்ணை மூடிக்கொண்டு போகலாம்பா" என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அப்படிச் சொன்ன ஒரு சீனியர்தான் என்னை அழைத்துப்போக வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. எஸ்கலேட்டரில் இடப்பக்கம் குடும்பத்தோடு மறித்து நிற்பவர்களும் நம்மவர்கள்தான். நான் முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டேன்.

பழக்கியவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். எஸ்கலேட்டர் அடியில் நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கேட்காமலே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "தம்பி, வலப்பக்கம் நில்லுங்கோ, இடப்பக்கத்தால ஆக்கள் ஓடுவினம்" என்றார். பாதி வழியில் கைப்பிடியைத் தட்டி, "இந்த வழியாலதான் நெருப்பு ஏறினது" என்றார். மேலே வந்ததும் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டு, தாளில் சுற்றிய மட்டன் ரோல் ஒன்றைக் கையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். தெருவுக்கு வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து தின்றேன். இன்னும் சூடாக இருந்தது.