கடையில் வெள்ளம் புகுந்தால் கிளெய்ம் எப்படி? வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

பல வருடங்கள் இன்சூரன்ஸ் சர்வேயராகக் கடை, குடோன், பட்டறை நஷ்டங்களை மதிப்பிட்டவன் நான். இப்போது கிளெய்ம் போடும் சிறு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். வெள்ள கிளெய்ம்களில் முழுவதும் மறுக்கப்படுபவை குறைவு, தொகை வெட்டப்படுபவைதான் ஏராளம். எங்கே, எதனால் வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் பாதியைத் தடுக்கலாம். வந்த கேள்விகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மளிகை மொத்த வியாபாரம், வேளச்சேரி): ஐயா, குடோனில் இடுப்பளவு தண்ணீர் நின்று இப்போதுதான் வடிந்தது. அரிசி, பருப்பு மூட்டைகள் நாற ஆரம்பித்துவிட்டன. சர்வேயர் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்கிறார் ஏஜெண்ட். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுத்து கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. இப்போதுள்ள விதிப்படி தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கைக்கு வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஊரே மூழ்கியிருக்கும்போது தாமதமாகலாம். ஆனாலும் நீங்கள் எழுத்தில் தகவல் சொன்ன நேரம் பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது படம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். கடைப் பெயர்ப் பலகையில் தொடங்கி, நடந்துகொண்டே, நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அட்டியாக, மூட்டையின் பிராண்டும் எடையும் தெரியும்படி தனித்தனிப் படங்கள். ஒரு நோட்டில் எண்ணிக்கையை எழுதி, வேலை பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

"தொடாதே" என்பது முழுக்கச் சரியல்ல. நஷ்டம் பெருகாமல் தடுப்பதும் பாலிசிப்படி உங்கள் கடமை. மேல் அடுக்கில் நனையாத மூட்டைகளை உடனே மாற்றுங்கள். அவற்றை அங்கேயே விட்டுக் கெட்டுப்போனால் அந்தப் பகுதியைக் கழித்துவிடுவார்கள். நாறும் சரக்குக்கு, "சுகாதாரப் பிரச்சினை இருப்பதால் நாளை மாலை அகற்ற வேண்டியிருக்கிறது; அதற்குள் வந்து பாருங்கள், அல்லது அகற்ற அனுமதி தாருங்கள்" என்று கம்பெனிக்கும் சர்வேயருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஓரிரு மூட்டை மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி வண்டியில் ஏற்றினால் அதையும் படம் எடுங்கள், ரசீது கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி (லேத் பட்டறை, அம்பத்தூர்): சிஎன்சி மெஷினின் பேனல் வரை தண்ணீர் ஏறிவிட்டது. வெயிலில் காயவைத்தாயிற்று. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு கிளெய்ம் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. மெயினை இறக்கிவிட்டு, மெஷின் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்து, மெக்கர் கருவி வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு ஓட்டி டிரைவோ மோட்டாரோ எரிந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, மின்கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். மின்கோளாறு இந்தப் பாலிசியில் விலக்கு. மோட்டாரைக் காயில் கட்ட அனுப்புவதற்கு முன் பெயர்த்தகடு, சீரியல் நம்பர் இரண்டையும் படம் எடுங்கள். கழற்றிய பழைய போர்டு, பேரிங் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சர்வேயர் சால்வேஜ், அதாவது சேதத்தில் மிஞ்சிய பொருள், எங்கே என்று கேட்பார்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் பாலிசி ரீஇன்ஸ்டேட்மெண்ட் அடிப்படையிலா, சந்தை மதிப்பிலா? முதல் வகையில் அதே தரத்தில் புது மெஷினின் விலை, மாற்றி வைத்த பிறகு கிடைக்கும். இரண்டாவதில் பத்து வருட மெஷினுக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது சொற்பம்.

கேள்வி (ஜவுளிக்கடை, ஏரல்): 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கடை மூழ்கியது. பாலிசி 40 லட்சத்துக்கு இருந்தது. நஷ்டம் 18 லட்சம் என்று சர்வேயரே ஒத்துக்கொண்டார். ஆனால் 9 லட்சத்துக்கும் குறைவாகத்தான் வந்தது. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. இந்த வருடம் புதுப்பிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி உங்கள் கடைத்தெருவுக்குள்ளேயே வந்தது. அவ்வளவு பட்ட பிறகு பாதிப் பணம் வந்தால் யாருக்கும் மனசு ஆறாது. உங்களுக்கு வெட்டு விழுந்தது ஆவரேஜ் என்கிற நிபந்தனையால். வியாபாரிகளுக்கு அதிகப் பணம் போவது இதில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளம் வந்த அன்று கடையில் இருந்த மொத்தச் சரக்கு 80 லட்சம் என்று சர்வேயர் கணக்கிட்டிருப்பார். நீங்கள் 40 லட்சத்துக்குத்தான் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள். மீதிப் பாதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். அதனால் எந்த நஷ்டம் வந்தாலும் பாதி உங்கள் தலையில். 18 லட்சம் 9 லட்சமாயிற்று. அதிலிருந்து எக்ஸஸ் என்று நீங்கள் ஏற்க வேண்டிய பங்கையும், சால்வேஜ் மதிப்பையும் கழித்திருப்பார்கள். நஷ்டம் பாலிசித் தொகைக்குள் இருக்கிறதே என்பது இங்கே செல்லாது.

2021 ஏப்ரலிலிருந்து சிறு வியாபாரங்களுக்கு ஒரே மாதிரி பாலிசிகளை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. ஓர் இடத்தில் 5 கோடி வரை மதிப்புள்ள தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இவற்றில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் ஆவரேஜ் போடக் கூடாது. உங்கள் குறைவு 50 சதவீதம் என்பதால் அந்தச் சலுகை எட்டவில்லை.

சரி, 80 லட்சம் என்ற கணக்கு எப்படி வந்தது? ஆரம்பச் சரக்கோடு கொள்முதலைக் கூட்டி, விற்பனையின் அடக்க விலையைக் கழிப்பார்கள். விற்பனைத் தொகையிலிருந்து லாப சதவீதத்தை எடுத்தால்தான் அடக்கம் தெரியும். உங்களுக்கு உண்மையில் 15 சதவீதம்தான் லாபம் என்றிருக்க, சர்வேயர் 25 என்று வைத்தால், அடக்கம் குறைந்து, கடையில் இருந்த சரக்கு இல்லாத உயரத்துக்கு ஏறும். ஆவரேஜ் வெட்டும் கூடவே ஏறும். உங்கள் ஆடிட்டரிடம் முந்தைய மூன்று வருட லாப சதவீதத்தைச் சான்றாக வாங்கிக் கொடுத்திருந்தால் இதை எதிர்க்கலாம். பிறர் கொடுத்துவைத்த சரக்கு, திருப்பி அனுப்பக் கட்டிவைத்த சரக்கு எல்லாம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது ஏப்ரல் மாதச் சரக்கை வைத்துத் தொகை போடாதீர்கள். உங்கள் பக்கத்தில் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று சரக்கு குவியும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. வருடத்தில் சரக்கு உச்சத்தில் இருக்கும் நாளின் மதிப்புக்கு எடுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் செப்டம்பரிலேயே தொகையைக் கூட்டி எண்டார்ஸ்மெண்ட் (பாலிசித் திருத்தம்) வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். பிரீமியம் கம்பெனிக்குச் சேரும் முன் வரும் நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பொறுப்பும் கிடையாது.

கேள்வி (ஹார்டுவேர் கடை, கடலூர்): பில் புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் தண்ணீரில் போய்விட்டன. சரக்கு இருந்ததை எப்படி நிரூபிப்பது அண்ணா?

பதில்: கவலைப்படாதீர்கள், உங்கள் கொள்முதல் கணக்கு வெளியே நிறைய இடங்களில் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பியை இறக்கினால் உங்களுக்கு விற்றவர்கள் போட்ட பில் ஒவ்வொன்றும் வரும். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் ஜிஎஸ்டிஆர்-4ஏ பாருங்கள். பெரிய சப்ளையர்களிடம் உங்கள் லெட்ஜர் நகல் கேளுங்கள். இ-வே பில், வங்கி ஸ்டேட்மெண்ட், ஆடிட்டரிடம் இருக்கும் டேலி பேக்கப் எல்லாம் சேர்த்தால் கணக்கு திரும்ப எழும்பிவிடும். நனைந்த ஹார்டு டிஸ்கை எறியாதீர்கள், அதுவும் ஆதாரம்.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஓடி (ஓவர் டிராஃப்ட்) லிமிட்டுக்காக மாதாமாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டை சர்வேயர் கட்டாயம் கேட்பார். லிமிட் கிடைக்க அதில் கூட்டிக் காட்டியிருந்தால், அந்தக் கூட்டிய தொகையே ஆவரேஜ் போடுவதற்கு அவர் கையில் கிடைத்த காகிதமாகிவிடும்.

கேள்வி (அதே ஊர், வேறொருவர்): எப்படியும் குறைப்பார்கள், அதனால் 5 லட்சம் கூட்டிப் போடுங்கள் என்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள். பொய்யான கிளெய்ம் என்று தெரிந்தால் கூட்டியதை மட்டும் கழிக்க மாட்டார்கள், மொத்தத்தையும் மறுக்கப் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. உண்மையாக நனைந்த சரக்குக்கான பணமும் சேர்ந்து போகும்.

கேள்வி (எலக்ட்ரானிக்ஸ் விநியோகம், பெருங்குடி): சேதமான சரக்குக்கு ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்கலாமா? கிரெடிட் எடுத்துவிட்டீர்களே என்று சர்வேயர் மறுக்கிறார்.

பதில்: சேதமாகி அழிந்த சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவை) சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) பிரிவுப்படி நீங்கள் திருப்பிக் கட்டியாக வேண்டும். ஆக அந்த வரி உங்களுக்கு உண்மையான நஷ்டம். ரிட்டர்னில் ரிவர்சல் செய்து (கிரெடிட்டைத் திருப்பி), ஆடிட்டர் சான்றிதழோடு கொடுங்கள். பாலிசித் தொகை வரி சேர்த்த மதிப்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள், இல்லாவிட்டால் இங்கேயும் ஆவரேஜ் வரும். லேசாக நனைந்து தள்ளுபடியில் விற்கும் சரக்குக்கு ரிவர்சல் தேவையில்லை, விற்கும்போது வரி போட்டால் போதும்.

கேள்வி (பிளாஸ்டிக் சாமான் குடோன், விழுப்புரம்): கடன் கொடுத்த வங்கியே பாலிசி எடுத்தது. அதில் பழைய குடோன் விலாசம் இருக்கிறது. நாங்கள் இடம் மாறி ஒன்றரை வருடம் ஆகிறது.

பதில்: இது கஷ்டமான இடம் அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். பாலிசியில் எழுதிய இடத்துக்குத்தான் பாதுகாப்பு, கம்பெனி மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பிடி வங்கியிடம். புது விலாசத்தோடு நீங்கள் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், வங்கி அதிகாரி புது குடோனுக்கு வந்து பார்த்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கை, அனுப்பிய கடிதம் இருந்தால், தெரிந்தும் பாலிசியைத் திருத்தாத பொறுப்பு வங்கியுடையது என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் இன்றே வங்கியில் பாலிசி நகல் வாங்கி விலாசத்தைப் படித்துப் பாருங்கள். நகலே கையில் இல்லாத கடைக்காரர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கூரை ஷீட் வழியாக மழை ஒழுகித் துணி நனைந்தது. வெள்ளத்தில் சேருமா?

பதில்: புயல் காற்று ஷீட்டைப் பிய்த்து மழை இறங்கியிருந்தால் சேரும். பழைய ஓட்டை வழியாக ஒழுகினால் பராமரிப்புக் குறை என்று மறுப்பார்கள். பிய்ந்த ஷீட்டை அன்றே படம் எடுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் கடை மூடியிருந்தது. வருமானமும் ஊழியர் சம்பளமும் கிடைக்குமா?

பதில்: சாதாரணப் பாலிசியில் கிடைக்காது. லாப இழப்புக்கான பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி (அச்சகம், ஈக்காட்டுத்தாங்கல்): கேட்டதில் பாதிக்கு டிஸ்சார்ஜ் வவுச்சர் (தொகையை ஏற்றுக் கையெழுத்திடும் படிவம்) அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் மீதி போய்விடுமா? போடாவிட்டால் வட்டி கட்டக் காசில்லை.

பதில்: போட்டுப் பணத்தை வாங்குங்கள். 2015 செப்டம்பரிலேயே ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டிருக்கிறது: வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்டு வழக்குப் போடும் உரிமை போய்விடாது. ஆனால் கையெழுத்திடும் அன்றே, "ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதிக்கு என் கோரிக்கை தொடர்கிறது" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பல மாதம் சும்மா இருந்துவிட்டுக் கட்டாயத்தில் போட்டேன் என்று சொன்னால் நீதிமன்றம் ஏற்பது கடினம்.

அதோடு சர்வே அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வரியில் எவ்வளவு வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலோ 155255 எண்ணிலோ பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவிடலாம், அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். தனி உரிமையாளர் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. உங்கள் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழில் மைக்ரோ என்று இருக்கிறதா பாருங்கள்.

அதைவிடப் பெரிய நிறுவனமாக இருந்தால் நுகர்வோர் ஆணையம், கெடு இரண்டு வருடம். வணிக நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்ற வாதம் முன்பு அடிக்கடி வரும். ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: இன்சூரன்ஸ் எடுப்பது நஷ்டத்தை ஈடுகட்டத்தானே தவிர லாபம் சம்பாதிக்க இல்லை, எனவே தொழில் நடத்துபவரும் வரலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பழைய வாதத்தை எடுத்தால் இந்தத் தீர்ப்பை முன்வைக்கச் சொல்லுங்கள்.